இருட்டில் சொன்னது

பிப்ரவரி 6, திங்கள்
மாணவியர் விடுதி, அறை 14

அண்ணா,

உன்மேல் கோபமாக இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நேராகத் திட்ட ஆரம்பித்தால் நன்றி கெட்ட கழுதை என்பாய். அதனால் நன்றி முதலில்.

கல்லூரியில் சேர்ந்த மூன்று வருஷத்தில் இப்படி ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு எனக்கு வாய்த்ததில்லை. பழைய சரக்குக் கிடங்கை மண்டபமாக்கி, அதில் ஆயிரம் பேரை நிற்கவைத்து உங்கள் குழு வாசித்ததே, நான் முன்வரிசையில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். நீ வெறுங்காலோடு மேடைப் பலகையில் காலை ஊன்றி டிரம்ஸ் வாசித்ததைப் பார்த்து என் வகுப்புப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். "இது உங்க அண்ணனா? நீ கைகூட ஒழுங்கா தட்டமாட்டியேடி" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "இந்த மாதிரி சத்தம் இருக்கிறவரைக்கும் நம்ம படிப்புக்கு வேலை நிச்சயம்" என்றாள். காது சோதிக்கப் படிக்கிறவர்களுக்கு அதுதான் நகைச்சுவை.

சனிக்கிழமை அருங்காட்சியகம். எல்லோரும் வாசலில் தருகிற, விளக்கம் சொல்லும் ஒலிநாடாக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு சுற்றினார்கள். நீ மட்டும் "என் காதுக்கு இன்னைக்கு லீவு" என்று வாங்க மறுத்துவிட்டாய். வாத்தியக் கூடத்தில் ஒரு பெரிய மரப் பறையை மட்டும் அரை மணி நேரம் பார்த்தாய். தொடக்கூடாது என்று எழுதியிருந்தும் தொட்டாய். காவலாளி உன் பின்னாலிருந்து மூன்று முறை அதட்டினார், நீ திரும்பவே இல்லை. திமிர் என்றால் அது திமிர். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, மானம் போகவும் செய்தது. வெளியே வந்து நடந்தபோது என்னை ஒவ்வொரு முறையும் உன் வலப்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டே வந்தாய். தங்கையை வண்டி இடித்துவிடும் என்று பயப்படுகிற அண்ணன் எத்தனை பேருக்கு உண்டு என்று அப்போது நினைத்தேன்.

ஞாயிறு மதியம் சினிமா. பக்கத்துத் தியேட்டரில் நம் பாஷைப் படம் ஓடியபோது, வேற்று பாஷைப் படத்துக்கு என்னை இழுத்துப் போனாய். கீழே வரி ஓடும், படித்துக்கொள்ளலாம், அதுதான் உயர்ந்த ரசனை என்று உபதேசம் வேறு. படம் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு முன்னால் ஒரு நெட்டையர் வந்து உட்கார்ந்ததும் நீயே எழுந்து இடம் மாற்றிக்கொண்டு என்னை உன் இடப்பக்கம் உட்காரவைத்தாய்.

இனி திட்டு.

மூன்று நாளும் அந்த விஷயத்தை நெஞ்சில் சுமந்துகொண்டேதான் சிரித்தேன். அப்பா பேச்சை எடுத்தாலே உன் முகம் கல்லாகிவிடும் என்பதால் பயம். படம் முடிந்ததும் உனக்கு ரயில். இருட்டில் உன் முகம் தெரியாது என்ற தைரியத்தில், கடைசிப் பத்து நிமிடத்தில் உன் காதருகே சாய்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன்.

நீ சிரித்தாய். தலையை ஆட்டினாய். "சரி, சரி, பார்க்கலாம்" என்றாய். பிறகு திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டாய்.

ஆறு வருஷமாக அவரோடு பேச்சில்லைதான். அதற்காக ஒரு மனிதன் சிரிப்பானா? உன் காதில் சொன்னதை இன்னொரு முறை எழுத எனக்குக் கை வராது. 23-ம் தேதிக்குள் அப்பாவைப் பார்க்க வருவாயா, மாட்டாயா? ஒரு வார்த்தை எழுது. உன் பயிற்சி வீட்டுக்கு இன்று போன் செய்தேன். கிடார்காரர் எடுத்து "கூப்பிடறேன்" என்றார், பிறகு நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னார். பின்னால் உன் டிரம்ஸ் சத்தம் கேட்டது.

வாலு


பிப்ரவரி 9, வியாழன்
பயிற்சி வீடு

வாலுக்கு,

போன் செய்யாதே என்று எத்தனை முறை சொல்வது. அந்தக் கறுப்பு டப்பாவில் கரகரவென்று பேசுவது எனக்குப் பிடிக்காது. உனக்குக் கையெழுத்து அழகாக இருக்கிறது, எழுது.

மூன்று நாளும் எனக்கும் சந்தோஷம்தான். உன் தோழிகளிடம் நான் விசாரித்ததாகச் சொல். அந்தக் காவலாளி ஒரு மாதிரியான ஆள், அவருக்கெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா.

அப்பா விஷயத்தை யோசித்தேன். சிரித்தது தப்புதான், படத்தில் ஏதோ வேடிக்கையாக நடந்துகொண்டிருந்தது. அவர் இந்த வருஷத்தோடு மில்லிலிருந்து ஓய்வு பெறுகிறார் என்பது எனக்கும் தெரியாததல்ல. மாலை போடுவார்கள், கடிகாரம் கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோவில் நான் எதற்கு? முப்பது வருஷம் தறிகளுக்கு நடுவே கத்திப் பழகிய மனிதர், ஒலிபெருக்கி இல்லாமலே நன்றியுரை சொல்வார். அந்தக் குரல் எனக்கு இங்கேயே கேட்கும் என்று சொல்லிவிடு.

ஒரு நாள் கூத்துக்காக அத்தனை தூரம் வருவதா? பிறகு ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம். அவசரம் ஒன்றும் இல்லையே.

ஒழுங்காகச் சாப்பிடு. கோபத்தில் இளைத்துவிடாதே.

இடி


பிப்ரவரி 11, சனி
அறை 14

அண்ணா,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. நீ மனிதன்தானா என்று தெரியவில்லை.

மாலையா? கடிகாரமா? அப்பாவின் தொண்டையில் கட்டி என்று சொன்னேன். ஆறு மாதமாகக் குரல் கம்மிக் கம்மி, ஜலதோஷம் என்று அவர் மழுப்பி, கடைசியில் அம்மா கட்டி இழுத்துப் போய்க் காட்டினாள் என்று சொன்னேன். 24-ம் தேதி காலை ஆபரேஷன். குரல்வளையை முழுதாக எடுக்கிறார்கள். மூச்சுக்குக் கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர், ஆனால் குரல் இனி வராது. "எடுக்கிறதுக்கு முன்னாடி அவன்கிட்ட ஒரு தடவை என் வாயால பேசணும். 23-க்குள்ள வரச்சொல்லு" என்று அப்பா என்னிடம் சொன்னார். ஆறு வருஷத்தில் உன்னைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் முறை. இதையெல்லாம் சொன்னேன். நீ சிரித்தாய். இப்போது அந்தக் குரல் இங்கேயே கேட்கும் என்று கிண்டல் எழுதுகிறாய். உன்னை அண்ணா என்று கூப்பிட

(இன்று ஞாயிறு. இதுவரை நேற்று எழுதியது. அப்படியே வைத்துவிட்டு, செய்முறை வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் எழுந்து போய்விட்டேன்.)

நேற்று மாலை வகுப்பில் ஒரு அம்மாவைச் சோதித்தேன். பாத்திரத் தொழிற்சாலையில் தகடு அடிக்கிறவர். நான் தலையைக் குனிந்து படிவத்தை நிரப்பிக்கொண்டே, "எத்தனை வருஷமா வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துத் தலையாட்டி, "சரிங்கம்மா" என்றார். நிமிர்ந்து பார்த்து அதையே கேட்டேன், "பதினெட்டு வருஷம்" என்று டக்கென்று சொன்னார். கூட வந்த மகள், "இப்படித்தாங்க, எது சொன்னாலும் சிரிச்சு சரி சொல்லிடுவாங்க. என்னன்னு திருப்பிக் கேட்க வெட்கம்" என்றாள்.

நான் எழுந்து வெளியே போய் வராந்தாவில் நின்றுவிட்டேன்.

உனக்குக் கேட்கவில்லை. நான் சொன்னதில் ஒரு சொல்கூட உனக்குக் கேட்கவில்லை.

போன் பிடிக்காது. ஒலிநாடாக் கருவி வேண்டாம். வரி ஓடுகிற படம். காவலாளி அதட்டியும் நீ திரும்பாதது திமிரால் அல்ல. வண்டி இடிக்கும் என்று என்னை வலப்பக்கம் தள்ளவில்லை, உன் இடது காது செத்துவிட்டது. தரையில் வெறுங்காலை வைத்தால்தான் உனக்குத் தாளம் தெரிகிறது. மூன்று நாள் உன்னோடு சுற்றியிருக்கிறேன். மூன்று வருஷமாக இதையேதான் படிக்கிறேன். என்னை யாராவது செருப்பைக் கழற்றி அடித்தால் நன்றாக இருக்கும்.

மற்றவர்களிடம் எப்படித் தப்பித்தாய் என்று யோசிக்கவே தேவையில்லை. நாம் வளர்ந்த வீடு அப்படி. தறிச் சத்தத்தில் பேச்சு எடுபடாது என்பதால் மில்லில் எல்லோரும் சத்தமே இல்லாமல் உதட்டை அசைத்துத்தான் பேசுவார்கள். அப்பா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். நம் வீட்டில்தான் ரகசியம் பேசினால் எல்லோருக்கும் புரியும். வெளிச்சம் இருந்தால் நீ எவனையும் ஏமாற்றிவிடுவாய். நான் மடச்சி, இருட்டில் போய்ச் சொன்னேன்.

எழுத்தில் இருக்கிறது இப்போது. 24 காலை. வா.

வாலு


பிப்ரவரி 15, புதன்

வாலு,

நான் உன் செய்முறை நோட்டு இல்லை. என்னைப் பக்கம் பக்கமாகப் பிரித்து எழுதிவைக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தது?

இடது காது போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. வலதில் பாதி இருக்கிறது. போதுமா? எழுதிக்கொள். குழுவில் யாருக்கும் தெரியாது. பாடகிக்குச் சந்தேகம் உண்டு, கேட்டால் சிரித்துவிடுவேன். தெரிந்தால் அடுத்த வாரமே என் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான். அதனால் நீயும் வாயைத் திறக்கக் கூடாது. அம்மாவிடமும்.

அப்பா விஷயம் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. உன் கடிதத்தைக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று முறை படித்தேன். முந்தின கடிதத்தில் எழுதியதை நினைத்தால் என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. அவரிடம் அதைச் சொல்லியிருந்தால் நீ எனக்குத் தங்கையே இல்லை.

ஆனால் நான் வரமாட்டேன்.

கோபத்தில் சொல்லவில்லை, கேள். வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று அவர் என்ன சொன்னார் தெரியுமா? நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். வாசலில் நின்று, "என் காதைத் தறி தின்னுச்சு, அது சோத்துக்காக. உன் காதை நீயே கொண்டுபோய்க் கொடுக்கிறே. ஒருநாள் காது போனப்புறம் இங்கதான் வருவே. அப்போ நான் என்ன சொன்னாலும் உனக்குக் கேட்காது" என்றார். நான், "அப்படி வர்றதுக்கு வராமலே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது போய் அவர் கட்டிலருகே நிற்பதா? ஆறு வருஷம் சேர்த்துவைத்த ஒரு பேச்சை, கடைசிக் குரலில், அதுவும் கம்மிப்போன குரலில் அவர் சொல்வார். நான் மரம் மாதிரி நின்று சிரித்துத் தலையாட்டி "சரி, பார்க்கலாம்" என்பேன். உன்னிடம் செய்ததையே அவரிடமும் செய்வேன். அதற்கு நான் வராமலே இருப்பது அவருக்கு மரியாதை.

அவர் சொல்ல நினைப்பதை நீ கேட்டு எனக்கு எழுது. அது போதும்.

இடி


பிப்ரவரி 18, சனி
அறை 14

அண்ணா,

முடியாது. நான் உனக்குக் காது இல்லை.

அதோடு நானும் அங்கே இருக்கப்போவதில்லை. 20-லிருந்து 25 வரை செய்முறைத் தேர்வு. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று போனில் சொன்னதற்கு அப்பா, "பரீட்சையை விட்டுட்டு வந்தே, நான் கட்டில்லருந்து எழுந்து வீட்டுக்குப் போயிடுவேன்" என்றார். செய்யக்கூடிய ஆள். அந்தக் கம்மிய குரலை நான் விடுதி வராந்தாவில், எனக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்க, சுவரோடு ஒட்டிக்கொண்டு கேட்டு முடித்துவிட்டேன். இனி எனக்குக் கிடையாது. உனக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

உன் காதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. நீ எழுதிய அந்தப் பாழாய்ப்போன வரியையும் சொல்லவில்லை. "என்ன சொன்னான்?" என்று அப்பா கேட்டார். "யோசிக்கிறான்" என்றேன். "யோசிக்கட்டும்" என்றார்.

நீ மரம் மாதிரி நிற்பாய் என்கிறாய். நில். அவர் பார்க்காத மரமா? தறிக்கூடத்தில் அவரோடு வேலை செய்த அத்தனை பேரும் அப்படித்தான் நின்றார்கள். அவரிடம் காதை மறைக்க முடியாது என்பதுதானே உன் பயம், அதை மட்டும் ஒழுங்காக எழுதத் தெரியவில்லை உனக்கு. அவர் சொன்னது பலித்துவிட்டது, அதை அவர் முகத்தில் பார்க்க வேண்டியிருக்கும். சரி, பார். அதற்காக யாரும் செத்துப்போகவில்லை.

பகலில் போ. ஜன்னல் பக்கம் நில். எனக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவுதான்.

நீ போகாவிட்டால் எனக்கு இனி எழுதாதே.

வாலு


பிப்ரவரி 25, சனி
ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி

வாலுக்கு,

முதலில் உனக்கு வேண்டியது. ஆபரேஷன் நேற்றே முடிந்தது. ஆறு மணி நேரம் ஆயிற்று. கட்டி முழுதும் வந்துவிட்டது என்கிறார் டாக்டர். விடுதிக்குப் போன் வரும் என்று நீ காத்திருந்திருப்பாய், அம்மா நேற்றே பேசியிருப்பாள். மீதியை நான் எழுதுகிறேன்.

பகலில் போ என்றாய். ரயில் நாலு மணி நேரம் தாமதம். வியாழக்கிழமை நான் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கடைசிக் கட்டில், திரை இழுத்து விட்டிருந்தார்கள், உள்ளே அரை இருட்டு. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அம்மா என்னைப் பார்த்துவிட்டு அவர் தோளைத் தொட்டாள். அவர் திரும்பினார். ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். இரண்டு மூன்று வாக்கியம் இருக்கும்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உன் பேச்சை மதித்து வந்தேன் பார், என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். தலையை ஆட்டினேன். "சரிப்பா" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்தார். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா பிடிக்கப் போனாள், அவளை விலக்கிவிட்டு, பாட்டில் தொங்கிய கம்பியையும் உருட்டிக்கொண்டு நடந்து போய்ச் சுவரில் இருந்த லைட்டைப் போட்டார். திரும்பி வந்து வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி கட்டிலில் உட்கார்ந்தார். என்னை எதிரே ஸ்டூலில் உட்காரச் சொன்னார். சத்தம் இல்லாமல், மில்லில் பேசுகிற மாதிரி, உதட்டை மட்டும் அசைத்து, "எவ்வளவு நாளா?" என்று கேட்டார்.

ஒன்றரை வருஷம் என்றேன். எந்தப் பக்கம் என்றார். சொன்னேன். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றார். எனக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா, "இப்போ தெரிஞ்சிடுச்சு" என்றாளாம், நான் அப்பா சிரித்ததைப் பார்த்துத்தான் திரும்பினேன்.

பிறகு திட்டினார். சொன்னேனா இல்லையா என்று கேட்டார். நீ பார்க்கச் சொன்ன முகத்தை நன்றாகப் பார்த்தேன். நானும் விடவில்லை, இருபது வயசுப் பையனிடம் வாசலில் நின்று அப்படிப் பேசலாமா என்று கேட்டேன். பேசியிருக்கக் கூடாது என்றார். ஒரே ஒரு முறைதான் சொன்னார், ஆனால் உதடு தெளிவாக இருந்தது. நடுவில் மீசை மறைத்து இரண்டு இடத்தில் எனக்குப் புரியவில்லை. ஆபரேஷனுக்காகக் கழுத்தை மழிக்க வந்தவரிடம் மீசையையும் எடுத்துவிடச் சொன்னார். அதற்குப் பிறகு எல்லாம் புரிந்தது.

நர்ஸம்மா வந்து, "என்னங்க சத்தமே இல்லாம இருக்கீங்க, நாளையிலிருந்து முடியாது, இன்னைக்காவது மகன்கிட்ட வாய்விட்டுப் பேசுங்க" என்றாராம். அம்மா பிறகு சொன்னாள். அப்பா கையை அசைத்து அவரை அனுப்பிவிட்டார். பார்வையாளர் நேரம் முடிகிறவரை சத்தம் இல்லாமலேதான் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்குக் குரல் இருந்த கடைசிச் சாயங்காலம் அது. அதை அவர் என்னிடம் பயன்படுத்தவே இல்லை. அதை நினைத்து இரவெல்லாம் வெளி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன், உன்னிடம் சொல்வதற்கு என்ன.

இன்று மாலை அவரைப் பார்க்க விட்டார்கள். கழுத்தைச் சுற்றிக் கட்டு, மூக்கில் குழாய். அம்மா காபி குடிக்கக் கீழே போயிருந்தாள். இன்றைக்குப் புதிதாக ஒரு நர்ஸ், சின்னப் பெண். அப்பா தூங்கட்டும் என்று சொல்லி லைட்டை அணைக்கக் கையை நீட்டினாள். அப்பா படபடவென்று கட்டிலைத் தட்டினார். அவள் ஓடிவந்து ஸ்லேட்டையும் சாக்பீஸையும் அவர் கையில் வைத்தாள். அதைத் தள்ளிவிட்டு அவர் உதட்டை அசைத்தார். வலிக்குதா என்று கேட்டாள், தண்ணியா என்று கேட்டாள், டாக்டரைக் கூப்பிடவா என்று கேட்டாள். பாவம், அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"லைட்டை அணைக்க வேண்டாங்கிறார்" என்றேன்.

அப்பா தலையாட்டினார். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "அவருக்குக் குரலே இல்லையே, உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?" என்றாள்.

"எனக்குக் காது கேட்காது சிஸ்டர்" என்றேன்.

வாலு, இதை நான் ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. உன் தேர்வு முடிந்ததும் சொல், உங்கள் சோதனை அறைக்கு வருகிறேன்.

அண்ணன்